இறந்த தலைவரைப் பற்றி நேர்மையாகப் பேசுவது எப்படி? ஜெயலலிதாவை முன்வைத்து ஒரு தொடக்க விளக்கம்

பெரிய தலைவர் ஒருவர் இறந்த நாளில் நம் ஊரில் இரண்டு குரல்கள்தான் உரக்கக் கேட்கும். ஒன்று ‘தெய்வமே போய்விட்டது’ என்று அழும். இன்னொன்று ‘ஒழிந்தது’ என்று கைதட்டும். இரண்டையும் கேட்டு முடித்த பிறகும், இறந்தவர் என்ன செய்தார் என்பது அன்றைக்குப் பதினைந்து வயதில் இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ புரியும்படி எழுதுவதும் பேசுவதும்தான் இங்கே பேசப்படும் வேலை.

‘நடுநிலை’ என்ற பெயரில் பலர் செய்வது பாதிப் புகழ், பாதிக் குறை. அது பங்காளிகளுக்கு வரப்பு பிரிக்கிற மாதிரி. ஒருவரின் வாழ்க்கை அப்படிச் சரிபாதியாகப் பிரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நேர்மைக்குத் தேவைப்படுவது வேறு: எந்த நாளில், யார், யாருக்கு, என்ன செய்தார், அது எந்த அளவுக்கு நிரூபணமாகி நிற்கிறது. இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் கடுமையான சொல்லே தேவைப்படாது. சொல்லாவிட்டால் எவ்வளவு கடுமையான சொல்லும் வெறும் வசைதான்.

இதை விளக்க ஜெயலலிதாவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இல்லை. 2016 செப்டம்பர் 22 அன்று சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 இரவு இறந்தார். மறுநாள் மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிட வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மீதான சொத்துக்குவிப்பு வழக்கின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் விசாரணையை முடித்து, தீர்ப்பை ஒத்திவைத்திருந்த காலம் அது. தீர்ப்பு 2017 பிப்ரவரி 14 அன்று வந்தது. இறப்புக்கும் தீர்ப்புக்கும் நடுவிலுள்ள அந்தப் பத்து வாரங்களுக்குள்தான் எழுதுகிறவர்கள் இன்றுவரை தடுக்கி விழுகிறார்கள்.

மூன்று வகைப் பேச்சு

முதலில் நீங்கள் எழுதுவது எந்த வகை என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரங்கல் என்பது உயிரோடு இருப்பவர்களுக்கானது. சட்டமன்ற இரங்கல் தீர்மானம், கட்சிக் கூட்டம், துக்க வீட்டுப் பேச்சு எல்லாம் இதில் சேரும். இங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. ஒப்பாரியில் இறந்தவரின் கடன் பாக்கியைப் பாடுவார் உண்டா? சங்க காலத்துக் கையறுநிலைப் பாட்டும் இதே வகைதான். பாரி இறந்தபின் பறம்பு மலையைப் பார்த்துக் கபிலர் அழுததை யாரும் பாரியின் ஆட்சி பற்றிய ஆய்வாக எடுத்துக்கொள்வதில்லை. எதிர்க்கட்சித் தலைவர் இரங்கல் செய்தியில் நாலு நல்ல வார்த்தை சொன்னதற்காக ‘அப்போ நீங்கள் திட்டியதெல்லாம் பொய்யா’ என்று கேட்பது அபத்தம்.

இரண்டாவது, வாழ்க்கைக் குறிப்பு. செய்தித்தாளில் அடுத்த நாள் வருவது. பிறப்பு, பதவிகள், முக்கிய முடிவுகள், வழக்குகள், இறப்பு. இதில் வழக்கை விட்டுவிட்டால் அது வாழ்க்கைக் குறிப்பு ஆகாது, விளம்பரம்.

மூன்றாவது, மதிப்பீடு. இதற்கு அவகாசம் வேண்டும், ஆவணம் வேண்டும். ஒருவர் ஆட்சியின் பலன்கள் பல அவர் போய்ப் பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியவரும்.

குழப்பம் வருவது இந்த மூன்றையும் கலக்கும்போது. துக்க வீட்டில் நின்று மதிப்பீடு பேசினால் அடிதான் விழும். மதிப்பீடு என்று சொல்லிவிட்டு ஒப்பாரி வைத்தால் படிப்பவர் ஏமாறுவார். இரண்டாவது தவறுதான் நம்மிடம் அதிகம்.

‘பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்புறம் பேசலாம்’ என்பார்கள். குடும்பத்தின் முன்னால் பேசுவதற்கு அது நல்ல விதி. பொதுவெளிக்கு அதை அப்படியே விதியாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பதினாறு நாளும் மௌனம் இருக்காது, புகழ் மட்டும் இருக்கும். நினைவிடம் எங்கே, சிலை எங்கே, அரசு விழா எப்போது என்பதெல்லாம் அந்த நாட்களில்தான் முடிவாகின்றன. இன்னொன்று: உயிரோடு இருந்தபோது விமர்சிக்க முடியாதவர்கள் இருப்பார்கள். ஜெயலலிதா ஆட்சியில் எதிர்க்கட்சியினர் மீதும் பத்திரிகைகள் மீதும் அரசு சார்பில் தொடர்ந்து அவதூறு வழக்குகள் போடப்பட்டன. 2016-ல் உச்ச நீதிமன்றமே அதைக் கடிந்துகொண்டது. 2015 அக்டோபரில், மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடிய நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் தேசத்துரோகப் பிரிவில் கைதானார். வாழ்ந்தபோதும் பேசாதே, இறந்தபோதும் பேசாதே என்றால் பேசுவதற்கு நாளே இல்லை.

பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் 2013 ஏப்ரல் 8 அன்று இறந்தார். இரண்டே நாளில் அஞ்சலிக்காகக் கூடிய நாடாளுமன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினர் கிளெண்டா ஜாக்சன் எழுந்து, தாட்சர் ஆட்சி தன் தொகுதி மக்களை என்ன செய்தது என்று விலாவாரியாகப் பேசினார். கூச்சல் எழுந்தது, ஆனாலும் அவைத்தலைவர் அவரைத் தடுக்கவில்லை. நம் சட்டமன்றத்தில் அப்படி ஒரு பேச்சை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. ஆனால் அவைக்கு வெளியே பேசுகிறவர்களுக்கும் அவை மரபை மாட்டிவிடக் கூடாது.

முதல் நாளின் ஆபத்து: அவசரம்

2016 டிசம்பர் 5 மாலையிலேயே சில தமிழ்த் தொலைக்காட்சிகள் ஜெயலலிதா இறந்துவிட்டதாக அறிவித்தன. அ.தி.மு.க. தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏறியது. அதிகாரபூர்வ அறிவிப்பு நள்ளிரவுக்குப் பிறகுதான் வந்தது, இரவு 11.30 மணிக்கு உயிர் பிரிந்ததாக. செய்தி நிறுவனங்கள் முதிய தலைவர்களுக்கான குறிப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது வழக்கம். அது தவறல்ல, நல்ல பழக்கம். ஆற அமர எழுதியது என்பதால் அதில் பிழை குறைவு. அதை வெளியிடும் பொத்தானை அழுத்துவதில்தான் அவசரம் கூடாது.

முதல் நாள் எழுதுபவருக்கு எங்கள் யோசனை எளியது. 600 சொல் குறிப்பு என்றால், அந்தத் தலைவர் வாழ்வில் மிகப் பெரிய சர்ச்சை முதல் மூன்று பத்திக்குள் வந்துவிட வேண்டும். கடைசிப் பத்தியில் ‘சில சர்ச்சைகளிலும் சிக்கினார்’ என்று ஒரு வரி போடுவது மறைப்பதற்குச் சமம். ஜெயலலிதா விஷயத்தில், பதவியில் இருக்கும்போதே ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டு முதலமைச்சர் பதவியை இழந்தவர் என்பது அடிக்குறிப்பு அல்ல. இந்தியாவில் அப்படி நடந்த முதல் முதலமைச்சர் அவர்தான்.

அதே நாளில் எழுதக் கூடாதது மரணம் பற்றிய ஊகம். அவர் சிகிச்சை குறித்து அன்று தொடங்கிய வதந்திகள் ஆண்டுக்கணக்கில் ஓடின. 2017-ல் மரணத்தை விசாரிக்க ஆறுமுகசாமி ஆணையம் அமைக்கப்பட்டது, 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அந்த ஆணையம் சிலரை விசாரிக்கப் பரிந்துரைத்தது. எய்ம்ஸ் மருத்துவக் குழுவோ சிகிச்சை முறையாகவே இருந்தது என்றது. ஆணையத்தின் பரிந்துரை தீர்ப்பு ஆகாது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ‘ஆணையமே சொல்லிவிட்டது’ என்று ஒருவரைக் கொலைகாரர் ஆக்கும் பதிவுகள் இன்றும் சுற்றுகின்றன.

வழக்கை எழுதுவது

இந்தப் பகுதியில்தான் அதிகம் நேரம் செலவிட வேண்டும். சொத்துக்குவிப்பு வழக்கின் கதையை நாள் வரிசையில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழை தானாகவே போய்விடும்.

வழக்குக்கு எடுத்துக்கொண்ட காலம் 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை, அதாவது அவருடைய முதல் ஆட்சி. 1997-ல் லஞ்ச ஒழிப்புத் துறை தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, வருமானத்துக்கு மேல் 66.65 கோடி ரூபாய் சொத்து என்றது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது; ஜெயலலிதாவே முதலமைச்சராக இருக்கும் மாநிலத்தில் நேர்மையான விசாரணை நடக்காது என்ற அச்சமே காரணம். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். குவிப்பின் அளவை அவர் 53.60 கோடி என்று நிர்ணயித்தார்.

இங்கேயே முதல் பிழை. ‘66 கோடி ஊழல் நிரூபணம்’ என்று எழுதுவார்கள். 66.65 கோடி காவல் தரப்பின் குற்றச்சாட்டு. நீதிமன்றம் ஏற்றது 53.60 கோடி. வேறுபாடு 13 கோடிதானே என்று தோன்றலாம். ஆனால் குற்றச்சாட்டுத் தொகையைத் தீர்ப்புத் தொகையாக எழுதினால், எதிர்த்தரப்பு அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு உங்கள் மொத்தக் கட்டுரையையும் பொய் என்று தள்ளிவிடும்.

2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர்.குமாரசாமி, ஜெயலலிதாவையும் உடன் குற்றம்சாட்டப்பட்ட மூவரையும் விடுவித்தார். அவர் கணக்குப்படி மிகைச் சொத்து வருமானத்தில் 8.12 சதவீதம் மட்டுமே. பத்து சதவீதம் வரை பொருட்படுத்த வேண்டாம் என்று பழைய தீர்ப்பு ஒன்று இருந்தது. குமாரசாமியின் தீர்ப்பில் கடன்களைக் கூட்டிய பட்டியலிலேயே தவறு இருந்தது. பத்துக் கடன்களின் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று போடப்பட்டிருந்தது; கூட்டிப் பார்த்தால் சுமார் 10.67 கோடிதான் வருகிறது. கர்நாடக அரசு உச்ச நீதிமன்றம் போனது. விசாரணை முடிந்து 2016 ஜூன் 7 அன்று தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பரில் ஜெயலலிதா இறந்தார்.

2017 பிப்ரவரி 14. நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் ஆகியோர் விடுதலையை ரத்து செய்து, சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவருக்கும் குன்ஹா தந்த தண்டனையை அப்படியே மீட்டார்கள். ஜெயலலிதாவைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனது. விடுதலைக்கு எதிராக அரசு போட்ட மேல்முறையீடு, குற்றம்சாட்டப்பட்டவர் இறந்தால் அவர் அளவில் அத்துடன் முடிந்துவிடும். இறந்தவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது, அவரால் பதில் சொல்லவும் முடியாது. ஆனால் மற்ற மூவர் மீதான குற்றம் அவரோடு சேர்ந்து செய்த சதி. அதைத் தீர்மானிக்க அவர் சொத்தையும் வருமானத்தையும் அலசாமல் முடியாது. அலசிய தீர்ப்பு, அவர் மீதான குற்றச்சாட்டும் மெய்ப்பிக்கப்பட்டதாகவே கருதியது. பிறகு, அபராதத்தையாவது வசூலிக்க வழிசெய்ய வேண்டும் என்று கர்நாடகம் போட்ட மறுஆய்வு மனு தள்ளுபடியானது.

இப்போது எப்படி எழுதுவது? ‘தண்டிக்கப்பட்ட குற்றவாளியாக இறந்தார்’ என்பது தவறு. இறந்த நாளில் அவர் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டவர். ‘நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது’ என்பதும் தவறு; அந்த விடுதலைத் தீர்ப்பே இப்போது உயிரோடு இல்லை. சரியான வாக்கியம் கொஞ்சம் நீளமானது: ‘சொத்துக்குவிப்பு வழக்கில் 2014-ல் தண்டிக்கப்பட்டு, 2015-ல் விடுவிக்கப்பட்டார், விடுதலையை எதிர்த்த மேல்முறையீட்டின் தீர்ப்புக்கு முன் இறந்ததால் அவர் மீதான வழக்கு முடிந்துபோனது, அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவர் மீதான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டதாகக் கருதி, உடன் குற்றம்சாட்டப்பட்ட மூவரின் தண்டனையை உறுதி செய்தது.’ நாக்கு சுளுக்கும் வாக்கியம்தான். சுருக்க நினைத்தால் இதில் எந்தத் துண்டை வெட்டுகிறீர்களோ அந்தப் பக்கம் பொய் சாயும்.

இது வெறும் சொல் நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். இதில் அரசுப் பணம் புரண்டது. மெரினாவில் நினைவிடம் கட்டுவதற்கு எதிரான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் தள்ளுபடி செய்தபோது, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்ட அவரைக் குற்றவாளி என்று கொள்ள முடியாது என்றது. மறுபுறம், பறிமுதலான நகைகளும் சொத்துகளும் தங்களுக்கு வேண்டும் என்று அவருடைய சட்டப்படியான வாரிசுகள் கேட்டபோது, வழக்கு அற்றுப்போனது விடுதலைக்குச் சமமாகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுத்தது. அடுத்த மாதமே நகைகள் தமிழ்நாடு அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரே மரணம், ஒரே வழக்கு. ஒரு நீதிமன்றம் ‘குற்றவாளி என்று சொல்லாதே’ என்கிறது, இன்னொன்று ‘விடுதலை என்று சொல்லாதே’ என்கிறது. இரண்டும் சேர்ந்துதான் உண்மை.

மற்ற வழக்குகளையும் இதே முறையில் எழுதலாம். அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் 2000 அக்டோபரில் தண்டனை, 2001 டிசம்பரில் உயர் நீதிமன்ற விடுதலை, 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. அங்கே ‘விடுவிக்கப்பட்டார்’ என்று புள்ளி வைத்துவிடலாம்.

யார் கணக்கில் எழுதுவது

வழக்குக்கு வெளியே உள்ள ஆட்சி விஷயங்களில் கேட்க வேண்டிய கேள்வி: இது அவர் கையெழுத்தா, அவர் தடுக்காமல் விட்டதா, அவர் காலத்தில் நடந்தது மட்டுமா?

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் சுமார் 1.7 லட்சம் பேர் அவசரச் சட்டத்தின் வழியே ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். இது முதல் வகை. அவர் முடிவு, அவர் அரசின் ஆணை, மறைக்க ஒன்றுமில்லை. இங்கே ‘ஊழியர்கள் பாதிக்கப்பட்டனர்’ என்று யாரும் செய்யாத காரியம் போல எழுதுவது நழுவல். ‘ஜெயலலிதா அரசு நீக்கியது’ என்று எழுதுங்கள். அதோடு அடுத்த வரியும் வேண்டும். உச்ச நீதிமன்றம் ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் தந்து திரும்பச் சேர்க்கப்பட்டனர். 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணி ஓர் இடம்கூட வெல்லாததும், மதமாற்றத் தடைச் சட்டம் உட்படப் பல கடும் நடவடிக்கைகளை அவர் திரும்பப் பெற்றார். திரும்பப் பெற்றதையும் சொல்ல வேண்டும், எப்போது திரும்பப் பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

வாச்சாத்தி இரண்டாம் வகை. 1992 ஜூன் 20 அன்று தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்து மலைக்கிராமத்தில், சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் புகுந்தன. ஊரைச் சூறையாடினார்கள்; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு. 2011-ல் தீர்ப்பு வந்தபோது அதில் 54 பேர் இறந்திருந்தார்கள், உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ‘ஜெயலலிதா செய்த கொடுமை’ என்று இதை எழுத ஆதாரம் இல்லை. உத்தரவு அவரிடமிருந்து போனது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ‘ஜெயலலிதா ஆட்சியில் நடந்தது; அரசுத் தரப்பு மறுத்தது; உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே மத்தியப் புலனாய்வு வந்தது’ என்று எழுத முழு ஆதாரம் இருக்கிறது. அதுவே போதுமான பாரம்.

தொண்டர்கள் செய்தது தனிக் கணக்கு. 2000 பிப்ரவரி 2 அன்று பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் (கொடைக்கானல் ஓட்டல் ஒன்றுக்கு விதியை மீறி மாடிகள் கட்ட அனுமதித்ததாகப் போட்ட வழக்கு) அவருக்குத் தண்டனை வந்ததும், தர்மபுரி அருகே கட்சிக்காரர்கள் பேருந்தை எரித்ததில் மூன்று கல்லூரி மாணவிகள் இறந்தனர். தீ வைத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர் ஆணையிட்டார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த வழக்கின் பெயர் அவர் வாழ்க்கைக் குறிப்பில் இல்லாமல் இருக்க முடியாது.

புகழுக்கும் இதே சல்லடைதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘69 சதவீத இடஒதுக்கீடு தந்தவர்’ என்பது மேடைப் பேச்சு. பிற்படுத்தப்பட்டோருக்கு 50 சதவீதம் ஆக்கியது எம்.ஜி.ஆர். அரசு, 1980-ல். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவை உருவாக்கியதும், பழங்குடியினருக்குத் தனியாக ஒரு சதவீதம் தந்து மொத்தம் 69 ஆக்கியதும் கருணாநிதி அரசு. 1992-ல் உச்ச நீதிமன்றம் 50 சதவீத உச்சவரம்பு விதித்தபோது, 69-ஐக் காக்கச் சட்டம் இயற்றி, 1994-ல் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில், அதாவது நீதிமன்றம் எளிதில் ரத்து செய்ய முடியாத சட்டங்களின் பட்டியலில், சேர்க்க வைத்தது ஜெயலலிதா அரசு. ‘காத்தவர்’ என்பது சரி. அது சின்னச் சாதனையும் இல்லை. வேறு எந்த மாநிலமும் அன்று தன் இடஒதுக்கீட்டுச் சட்டத்தை அந்த அட்டவணைக்குள் கொண்டுபோகவில்லை.

அப்படியே அவர் கணக்கில் எழுதலாம் என்பவையும் உண்டு. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம், அதே ஆண்டு அனைத்து மகளிர் காவல் நிலையம், 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயம், 2013-ல் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய் தயிர் சாதமும் போட்ட அம்மா உணவகம். ஆனால் ‘திட்டம் தொடங்கினார்’ என்பதோடு நிறுத்தாமல், அது யாருக்கு என்ன செய்தது என்று ஒரு வரி சேருங்கள். தொட்டில் குழந்தைத் திட்டம் பெண்சிசுக் கொலையைத் தடுக்கக் கொண்டுவரப்பட்டது. பெண் குழந்தையைக் கைவிடுவதற்கு அரசே வசதி செய்வதாகாதா என்ற விமர்சனமும் தொடக்கத்திலிருந்தே இருந்தது. டாஸ்மாக்கும் இப்படித்தான். நிறுவனத்தைத் தொடங்கியது 1983-ல் எம்.ஜி.ஆர். அரசு, சில்லறை விற்பனையை முழுக்க அரசின் கையில் கொண்டுவந்தது 2003-ல் ஜெயலலிதா அரசு, அதற்குப் பின் வந்த எந்த அரசும் அதை விடவில்லை.

எதைத் தொட வேண்டாம், எதைச் சாட்சியோடு தொட வேண்டும்

ஜெயலலிதா பற்றிய ‘விமர்சனம்’ என்று ஓடுவதில் கணிசமானது அவர் பெண் என்பதைப் பற்றியது. திரையுலகப் பின்னணி, திருமணம், உடல்வாகு. இதில் ஆட்சி எங்கே இருக்கிறது? ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம்: இதே வரியை ஆண் முதலமைச்சர் ஒருவருக்கு எழுதுவீர்களா? மாட்டீர்கள் என்றால் வெட்டுங்கள். 1995 செப்டம்பரில் நடந்த வளர்ப்பு மகன் திருமணம் வேறு. அந்தச் செலவு வழக்கில் கணக்கிடப்பட்டது, பொது விஷயம்.

சாட்சிகள் முரண்படும் நிகழ்ச்சிகளில் இரண்டு தரப்பையும் பெயரோடு சொல்லுங்கள். 1989 மார்ச் 25 அன்று சட்டமன்றத்தில் தன் சேலை இழுக்கப்பட்டதாக ஜெயலலிதா சொன்னார், தி.மு.க. தரப்பு இன்றுவரை அதை மறுக்கிறது. அவையில் கலவரம் நடந்தது என்பதில் சந்தேகமில்லை. அதற்கு மேல் நீங்கள் நேரில் பார்த்தது போல எழுத வேண்டாம். அவர் இறந்த அதிர்ச்சியில் மாண்டதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கணக்கானோரின் எண்ணிக்கையும் கட்சி சொன்ன கணக்கு. ‘கட்சி தெரிவித்தது’ என்ற இரண்டு சொல்லை விடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது

இறந்தவரைப் பற்றி எழுதினால் அவதூறு வழக்கு வராது என்று சிலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கு அவரோடு போய்விடும். மானம் போனதற்கான வழக்குரிமை வாரிசுக்கு இறங்காது. ஜெயலலிதாவின் வாழ்க்கையை ஒட்டிய படைப்புகளுக்கு எதிராக உறவினர் தொடுத்த வழக்கில், அந்தரங்கமும் நற்பெயரும் ஒருவரின் மரணத்துக்குப் பின் மற்றவருக்குச் சொத்தாக வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது.

கிரிமினல் பக்கம் வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ம் பிரிவு, இரண்டிலும் முதல் விளக்கமே இறந்தவரைப் பற்றியதுதான். உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் ஒன்றை, அவர் குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொன்னால் அது அவதூறாகலாம். இரண்டு நிபந்தனையும் சேர வேண்டும். புகாரையும் பாதிக்கப்பட்டவர்தான் தர வேண்டும். தண்டனை இரண்டு ஆண்டு வரை. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும் என்பது விதிவிலக்கின் வாசகம். பொதுப்பணியில் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்குத் தனி விதிவிலக்கு உண்டு. நாள், தீர்ப்பு, ஆணை எண் என்று எழுதுகிறவர் இந்த விதிவிலக்குகளுக்குள் வருவது எளிது. ‘ஊரறிந்த ரகசியம்’ என்று எழுதுகிறவர் வெளியே நிற்பார்.

சட்டம் அனுமதிப்பதைக் காவல்துறை அனுமதிக்காத நாட்களும் உண்டு. 2012 நவம்பர் 17 அன்று சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே இறந்தார். மும்பையே அடைபட்டது எதற்கு என்று கேட்டுப் பேஸ்புக்கில் எழுதிய ஓர் இளம்பெண்ணையும், அதற்கு விருப்பம் தெரிவித்த தோழியையும் பால்கர் போலீஸ் கைது செய்தது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் அதில் சேர்க்கப்பட்டது. அந்தக் கைதில் கிளம்பிய வழக்கில்தான் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவையே ரத்து செய்தது. அந்தப் பெண் தாக்கரேயைத் திட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். கடையடைப்பைக் கேள்வி கேட்டார், அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று நாள் தொண்டர்களும் போலீசும் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை உள்ளூர் நிலைமையைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தனியாளாகப் பதிவிடும் ஒருவர் ஒரு வாரம் காத்திருப்பது கோழைத்தனம் ஆகாது. எழுதி, நாள் குறித்து வைத்துக்கொண்டு பிறகு வெளியிடலாம்.

வெளியிட்ட பிறகும் வேலை முடியாது. 2016 டிசம்பரில் எழுதியது 2017 பிப்ரவரியில் பழசானது, 2025-ல் இன்னொரு முறை பழசானது. தீர்ப்பு மாறினால் பழைய வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டாம். எந்த நாளில் எது மாறியது என்று கட்டுரையின் தலையிலேயே ஒரு வரி போட்டு, அதற்குக் கீழே திருத்துங்கள்.